கரண்ட் போய்வந்தால் சீட்டு எண் தாவுகிறது: 4417க்கு அடுத்து 4450

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி)

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன். எங்களுக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்று வட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்குகிறோம். பல ஊர்களில் எடை மையம் இருக்கிறது. மூட்டை தராசில் ஏறியதும் எடை ஃபேக்டரியில் உள்ள போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வருக்கு வரும். சர்வர் ஒரு சீட்டு எண் கொடுக்கும். மையத்தில் உள்ள குட்டி பிரிண்டர் சீட்டை அடித்து விவசாயி கையில் தரும். மாதாமாதம் தேயிலை வாரியம் பச்சைத் தேயிலைக்கு விலை அறிவித்ததும் இந்தச் சீட்டுகளைக் கூட்டித்தான் பட்டுவாடா. கட்டியவர் எனக்கு முன்னால் இருந்தவர். இப்போது அவர் ஊரில் இல்லை.

ஐப்பசி பிறந்ததிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. மரம் சாய்ந்து லைன் அறுந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் சர்வர் மீண்டு வந்த பிறகு பார்த்தால் சீட்டு எண் தாவியிருக்கிறது. டேபிளில் கடைசிச் சீட்டு 4417, அடுத்தது 4450. இன்னொரு நாள் தாவல் இதைவிடக் குறைவு, ஆனாலும் தாவல்தான். நடுவில் உள்ள 32 சீட்டு யார் பையில் போயிற்று என்று முதலாளி கேட்கிறார். எடை போடும் பையன்மேல் சந்தேகம் திரும்பிவிட்டது. அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும், அப்படிப்பட்டவன் இல்லை.

போஸ்ட்கிரெஸ் 12, உபுண்டு, 16 ஜிபி ராம், சாதாரண 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒன்று. சீட்டு எண் ஒரு சீக்வென்ஸிலிருந்து, அதாவது வரிசையாக எண் கொடுக்கும் டேட்டாபேஸ் அமைப்பிலிருந்து, வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

வெலிங்டன் வாத்தியார்

முதலில் அந்தப் பையனை விட்டுவிடச் சொல்லுங்கள் தம்பி. 4418 முதல் 4449 வரை, சரியாக 32. இந்த 32 போஸ்ட்கிரெஸின் சொந்தக் கணக்கு.

சீக்வென்ஸ் ஒவ்வொரு எண்ணைக் கொடுக்கும்போதும் வால் பதிவில், அதாவது மாற்றங்களை முன்கூட்டி எழுதிவைக்கும் லாகில், எழுதிக்கொண்டிருந்தால் வேகம் குறையும். அதனால் ஒரு எண்ணைக் கொடுக்கும்போதே அதற்கு மேல் 32 எண்களையும் 'கொடுத்தாயிற்று' என்று எழுதிவைத்துவிடும். உங்கள் கதையில் 4417 கொடுத்தபோது லாகில் 4449 என்று எழுதியிருக்கிறது. அடுத்த 32 எண்களை லாகைத் தொடாமல் நினைவகத்திலிருந்தே கொடுக்கலாம். நடுவில் கரண்ட் போனால் நினைவகம் காலி. எழும்போது லாகைப் படிக்கும், 4449 வரை போய்விட்டது என்று நம்பும், அடுத்து 4450 கொடுக்கும். ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுப்பதைவிடச் சில எண்களை வீணாக்குவது மேல் என்ற முடிவு இது. இன்னொரு நாள் குறைவாகத் தாவியதும் இதனால்தான், அன்று ஒதுக்கிய 32இல் பாதி ஏற்கெனவே செலவாகியிருக்கும்.

ஒழுங்காக ஷட்டவுன் செய்தால் இந்தத் தாவல் வரவே வராது. ஆகவே இது உங்கள் யூபிஎஸ் பற்றிய செய்தி. எத்தனை தாவலோ அத்தனை முறை சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் செத்திருக்கிறது. முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

வேகமே துணை

16 ஜிபி ராமில் ஷேர்ட் பஃபர்ஸ், அதாவது போஸ்ட்கிரெஸ் தனக்கென ஒதுக்கும் நினைவகம், எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? மாற்றாமல் விட்டால் 128 எம்பிதான் இருக்கும். கால் பங்கு ராம், அதாவது 4 ஜிபி வையுங்கள். மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 100 என்று இருக்கும், 500 ஆக்குங்கள்.

வெலிங்டன் வாத்தியார்

ஷேர்ட் பஃபர்ஸ் விஷயம் சரிதான், ஆனால் இவர் கேட்டது அதுவல்ல. 500 கனெக்‌ஷன் எதற்கு? ஒவ்வொன்றுக்கும் தனி ப்ராசஸ் ஓடும். வொர்க் மெம் 4 எம்பி என்று வைத்தாலும் அது ஒரு க்வெரிக்கு அல்ல, க்வெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனி. எண்ணை ஏற்றுவதற்குமுன் பெருக்கிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை (குன்னூர்)

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, கணக்கு எழுதுகிறவன். ஆடிட்டர் பார்வையில் ஒன்று சொல்கிறேன். அச்சடித்த சீட்டுப் புத்தகக் காலத்திலும் எண் விடுபடும். கார்பன் நகர்ந்துவிட்டது, எடை தப்பாக எழுதிவிட்டார்கள் என்றால் அந்தச் சீட்டில் குறுக்கே கோடு போட்டு 'கேன்சல்' எழுதிப் புத்தகத்திலேயே விட்டுவிடுவோம். ஆடிட்டர் கேட்டால் தாளைத் திருப்பிக் காட்டலாம். உங்கள் முறையில் காட்ட ஒன்றுமே இல்லை, வெறும் ஓட்டை. வாத்தியார் சொன்ன காரணத்தை நான் நம்புகிறேன், ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் நம்ப வேண்டுமே. எண் விடுபடாமல் வர வழியே கிடையாதா?

வெலிங்டன் வாத்தியார்

இருக்கிறது. சீக்வென்ஸால் முடியாது. கரண்ட் போகாவிட்டாலும், ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் பாதியில் ரோல்பேக் ஆனால், அதாவது செய்தது ரத்தாகிப் பழைய நிலைக்குத் திரும்பினால், அது எடுத்த எண் திரும்ப வராது. விடுபடாத எண் வேண்டும் என்றால் ஒரு சின்ன டேபிள் போடுங்கள்: மையத்தின் குறியீடு, கடைசிச் சீட்டு எண், அவ்வளவுதான். சீட்டைப் பதியும் அதே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் அந்த மையத்தின் வரிசையை அப்டேட் செய்து ஒன்று கூட்டி, ரிட்டர்னிங் போட்டு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு நிலைத்தால் எண்ணும் நிலைக்கும், ரோல்பேக் ஆனால் எண்ணும் பின்னால் வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்த ஒரு வரிசை பூட்டப்பட்டிருக்கும்வரை அதே மையத்தின் அடுத்த எடை காத்திருக்கும். ஒரு மையத்தில் ஒரு தராசு என்றால் அது தெரியவே தெரியாது. எல்லா மையத்துக்கும் சேர்த்து ஒரே வரிசை வைத்தால்தான், சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் மூட்டையோடு நிற்கும்போது இடிக்கும்.

கொழுந்துக்கணக்கு

வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. 32 கணக்கை முதலாளிக்கு விளக்கினேன், ஓரளவு ஒப்புக்கொண்டார். யூபிஎஸ் பேட்டரி பழசு. ஜெனரேட்டர் இருக்கிறது, இல்லாவிட்டால் இலை வாட்டும் ஃபேன் நின்றுபோகும். ஆனால் ஜெனரேட்டருக்கு மாறும் சில வினாடிகளைக்கூட இந்த யூபிஎஸ் தாங்கவில்லை. குளிர் வேறு.

ஆனால் கதை இன்று திரும்பிவிட்டது. ஒரு விவசாயி ஆபீசுக்கு வந்தார். போன மாதப் பட்டுவாடாவில் ஒரு மூட்டை குறைகிறது என்று சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். மழையில் நனைந்து ஓரம் சுருண்டிருந்தது, ஆனால் எழுத்து தெளிவாக இருக்கிறது. 46 கிலோ, ஈரக்கழிவு 4 கிலோ, நிகரம் 42. சீட்டு எண் 4418.

எங்கள் டேபிளில் 4418 இல்லை.

வெலிங்டன் வாத்தியார்

இது வேறு விஷயம் தம்பி. நான் சொன்ன விளக்கம் இதற்குப் பொருந்தாது. தாவலில் விழுந்த எண் யார் கையிலும் இருக்கக் கூடாது. தாள் வந்திருக்கிறது என்றால் அந்த எடை சர்வருக்கு வந்து, எண் வாங்கி, அதற்கப்புறம் காணாமல் போயிருக்கிறது.

மூன்று பேரைச் சந்தேகப்படலாம்.

ஒன்று, உங்கள் மென்பொருள். எண்ணை வாங்கியதும், கமிட் ஆவதற்குமுன், அதாவது பதிவு உறுதியாவதற்குமுன், சீட்டை அடித்துவிடுகிறதா? அப்படியானால் டேட்டாபேஸ்மேல் பழியே இல்லை.

இரண்டு, கமிட் ஆனது என்று சர்வர் சொல்லியும் டிஸ்க்கில் விழவில்லை. எழுதியதை டிஸ்க்கில் சேர்ந்தே தீரவைக்கும் எஃப்சிங்க் ஆஃப் ஆகியிருக்கலாம். அல்லது எஃப்சிங்க் ஆனாக இருந்தும் டிஸ்க் பொய் சொல்லலாம், தன் உள் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டே 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும் டிஸ்க் உண்டு.

மூன்று, சிங்க்ரனஸ் கமிட் ஆஃப், அதாவது டிஸ்க்கில் விழும்வரை காத்திருக்காமலே சர்வர் 'சரி' என்று சொல்லிவிடும்.

மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிஸ்க்குக்கு பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்று போஸ்ட்கிரெஸோடு வரும் கருவியே இருக்கிறது, ஓட்டுங்கள். 7200 ஆர்பிஎம் டிஸ்க் வினாடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். அதனால் உண்மையாக எழுதும் டிஸ்க் வினாடிக்கு நூற்றுச் சொச்சத்துக்கு மேல் காட்டக் கூடாது. ஆயிரக்கணக்கில் காட்டினால் டிஸ்க் ஏமாற்றுகிறது என்று பொருள்.

வேகமே துணை

எஃப்சிங்க் ஆஃபில் இருந்தால் என்ன தப்பு? நான் டெஸ்ட் சர்வரில் ஆஃப் செய்துதான் வைத்திருக்கிறேன், பறக்கிறது. கடைசி இரண்டு நிமிட டேட்டா போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

பந்தலூர்மழை

டெஸ்ட் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் 'கடைசி இரண்டு நிமிடம்' என்பது தவறு. எஃப்சிங்க் ஆஃப் என்றால் எதை முதலில் எழுதுவது, எதைப் பிறகு எழுதுவது என்ற ஒழுங்கே போய்விடும். லாக் எழுதப்படாமல் டேட்டா பக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கலாம், இண்டெக்ஸில் ஒரு பாதி புதுசு, மறுபாதி பழசு என்று இருக்கலாம். அப்போது போவது இரண்டு நிமிடமாக இருக்காது. மூன்று வருடத்துக்கு முந்தைய கணக்கும் படிக்க முடியாமல் போகலாம், அதுவும் உடனே தெரியாது. ஒரு நாள் யாரோ பழைய ரிப்போர்ட் கேட்கும்போது தெரியும்.

சிங்க்ரனஸ் கமிட் ஆஃப் அப்படியல்ல. அதில் டேட்டாபேஸ் கெடாது. கடைசியாகக் கமிட் ஆனவை மட்டும் தொலையலாம். வால் ரைட்டர் டிலே மாற்றப்படாமல் 200 மில்லி வினாடி என்று இருந்தால், அதிகபட்சம் அதன் மும்மடங்கு, அதாவது 0.6 வினாடிக்குள் நடந்தவை. இரண்டும் ஒன்று என்று பேசுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை.

தம்பி, என் ஊகம் மூன்றாவது. ஒரே ஒரு சீட்டு போயிருக்கிறது, மற்ற கணக்கெல்லாம் சரி. எஃப்சிங்க் ஆஃப் என்றால் இதைவிட அசிங்கமாக இருந்திருக்கும்.

கோவைக்காரன்

இதையெல்லாம் க்ளவுடில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? யூபிஎஸ் பேட்டரி மாற்றுவது நம் வேலையா?

கொழுந்துக்கணக்கு

அண்ணா, மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் ஃபைபரும் சேர்ந்து போகிறது. 2009 நவம்பரில் மலை எப்படித் துண்டாகிப் போனது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். பறித்த கொழுந்து லைன் வரும்வரை காத்திருக்காது, மூட்டையிலேயே வெந்துவிடும். எடை போட்டே ஆகவேண்டும்.

பந்தலூர்மழை

சரியாகச் சொன்னீர்கள். பிரைமரி, அதாவது முதன்மை சர்வர், மலையில்; அதன் நகலான ரெப்ளிகா கீழே சமவெளியில். அது பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

கொழுந்துக்கணக்கு

பார்த்துவிட்டேன்.

மென்பொருள்: அதன் சோர்ஸ் கோடு கையில் இருக்கிறது. கமிட் முடிந்து பதில் வந்த பிறகுதான் பிரிண்டருக்கு அனுப்புகிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

டிஸ்க்: பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் வினாடிக்கு 100ஐ ஒட்டித்தான் காட்டுகிறது. டிஸ்க் யோக்கியம்.

கான்ஃபிக்: போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டாட் கான்ஃப் கோப்பில் எஃப்சிங்க், சிங்க்ரனஸ் கமிட் இரண்டும் ஹேஷ் போட்டு, தொடப்படாமல் இருக்கின்றன. அதாவது இரண்டும் ஆன். அப்புறம் எப்படி?

வெலிங்டன் வாத்தியார்

அந்தக் கோப்பைப் படித்து முடிவுக்கு வராதீர்கள். ஆல்டர் சிஸ்டம் கொடுத்தால் அது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டாட் ஆட்டோ டாட் கான்ஃப் என்ற இன்னொரு கோப்பில் எழுதும், அதுதான் கடைசியில் படிக்கப்படும், அதுதான் ஜெயிக்கும். சர்வருக்குள் போய் ஷோ கட்டளை கொடுத்துப் பாருங்கள்.

கொழுந்துக்கணக்கு

கொடுத்தேன். ஷோ எஃப்சிங்க்: ஆன். ஷோ சிங்க்ரனஸ் கமிட்: ஆன். ஆட்டோ கோப்பில் இரண்டு வரி இருக்கிறது, இரண்டும் லாக் சம்பந்தப்பட்டவை.

பந்தலூர்மழை

எந்த யூசராக உள்ளே போய்ப் பார்த்தீர்கள்?

கொழுந்துக்கணக்கு

போஸ்ட்கிரெஸ் யூசர்தான் அக்கா.

பந்தலூர்மழை

தராசு மென்பொருளும் அதே யூசரில்தான் வருகிறதா? இல்லையென்றால் அந்த யூசராக உள்ளே போய் அதே ஷோ கட்டளையைக் கொடுங்கள்.

கொழுந்துக்கணக்கு

அக்கா!! ஆஃப்!

தராசு மென்பொருளுக்கு 'எடை' என்று தனி யூசர். அதில் நுழைந்து கேட்டால் சிங்க்ரனஸ் கமிட் ஆஃப் என்கிறது. நான் போஸ்ட்கிரெஸ் யூசராகப் போனால் ஆன். ஒரே சர்வர், ஒரே கேள்வி, இரண்டு பதில்.

பந்தலூர்மழை

ஆல்டர் ரோல் போட்டு அந்த யூசருக்கு மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இது எந்தக் கோப்பிலும் இருக்காது, டேட்டாபேஸுக்குள்ளேயே பிஜி டிபி ரோல் செட்டிங் என்ற டேபிளில் உட்கார்ந்திருக்கும். பிஎஸ்க்யூஎல்லில் பேக்ஸ்லாஷ் போட்டு டிஆர்டிஎஸ் என்று அடித்தால் யாருக்கு என்ன மாற்றியிருக்கிறது என்று பட்டியல் வரும். இதேபோல ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் என்றும் மாற்றலாம். புது இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பட்டியலைத்தான், கான்ஃப் கோப்பை அப்புறம்தான்.

பிஜி செட்டிங்ஸ் வ்யூவில் சோர்ஸ் என்று ஒன்று இருக்கும். அந்த யூசராக நுழைந்து பார்த்தால் இந்த மதிப்புக்கு நேரே 'யூசர்' என்று போட்டிருக்கும். மதிப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அது எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

வெலிங்டன் வாத்தியார்

சபாஷ். அப்படியானால் 4418 போன கதை தெளிவு. 4417 கொடுக்கும்போது லாகில் 4449 ஏறிவிட்டது. 4418க்கு சீக்வென்ஸ் லாகைத் தொடவில்லை. சீட்டுப் பதிவு கமிட் ஆனது, சர்வர் காத்திருக்காமல் 'சரி' என்று சொல்லிவிட்டது, மையத்தில் பிரிண்டர் அடித்துவிட்டது. அரை வினாடிக்குள் ஃபேக்டரியில் கரண்ட் போனது. மையத்தில் தராசும் பிரிண்டரும் பேட்டரியில் ஓடுமே, அங்கே யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

இன்னொன்று. 4417க்கும் 4418க்கும் நடுவே சற்று இடைவெளி இருந்ததால் 4417 தப்பித்தது. சீக்வென்ஸ் லாக் எழுதும் அந்த எண்ணே 0.6 வினாடிக்குள் மாட்டியிருந்தால், அதே எண் அடுத்த விவசாயிக்கும் போயிருக்கும். ஒரே எண்ணில் இரண்டு தாள். அது வராதவரை நல்லது.

கொழுந்துக்கணக்கு

ஆனால் எதற்காக அப்படி வைத்திருப்பார்? அவ்வளவு வேலை தெரிந்தவர். வெறும் அலட்சியம் என்று தோன்றவில்லை.

வெலிங்டன் வாத்தியார்

அந்த யூசரில் வேறு எந்த வேலை ஓடுகிறது என்று பாருங்கள். மாதக் கடைசியில் ஏதாவது?

கொழுந்துக்கணக்கு

ஓடுகிறது. பட்டுவாடா நாளில் விலையைப் போட்டு ஒவ்வொரு சீட்டுக்கும் தொகை எழுதும் ஸ்கிரிப்ட். நல்ல விளைச்சல் மாதத்தில் 30,000 வரிசை வரும். ஒவ்வொரு வரிசைக்கும் தனியாகக் கமிட்.

வெலிங்டன் வாத்தியார்

அதுதான் காரணம். உங்கள் டிஸ்க் வினாடிக்கு 100 கமிட் தாங்கும். 30,000 கமிட் என்றால் 300 வினாடி, ஐந்து நிமிடம். கவுண்டரில் ஆட்கள் நிற்கிறார்கள், மேலே இருந்து யாரோ அவசரப்படுத்தியிருப்பார்கள். ஆஃப் செய்ததும் சட்டென்று முடிந்திருக்கும். அதற்கப்புறம் அதை யார் தொடப்போகிறார்கள்?

ஸ்கிரிப்டை ஒரே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் அடக்குங்கள், ஒரே கமிட். இன்னும் நல்லது, லூப்பே வேண்டாம், விலை டேபிளோடு ஜாயின் செய்து ஒரே அப்டேட். சிங்க்ரனஸ் கமிட் ஆனில் இருந்தாலும் சில வினாடியில் முடியும். பாதியில் கரண்ட் போனாலும் பாதிப் பேருக்குப் புது விலை, மீதிப் பேருக்குப் பழைய விலை என்ற கூத்து நடக்காது.

எடை போடும் இடத்தில் ஒரு மூட்டை ஏறி இறங்கவே எத்தனை வினாடி ஆகும்! கமிட்டுக்கு 10 மில்லி வினாடி காத்திருப்பதை எந்த மனிதனும் கவனிக்கமாட்டான்.

வேகமே துணை

சரி, ஒத்துக்கொள்கிறேன், இந்த இடத்தில் ஆஃப் கூடாது. ஆனால் எங்கேயுமே கூடாது என்று சொல்வீர்களா?

பந்தலூர்மழை

இல்லையே. வாட்டும் தொட்டியில் வெப்பம், ஈரப்பதம் என்று நிமிடத்துக்கு நாலு தரம் சென்சார் பதிகிற இடங்கள் இருக்கின்றன. அதில் ஒரு பதிவு போனால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் மட்டும் செட் லோக்கல் போட்டு ஆஃப் செய்யலாம். அதற்குத்தான் போஸ்ட்கிரெஸ் இதை ட்ரான்ஸாக்‌ஷன் அளவில் மாற்ற விட்டிருக்கிறது. காசு சம்பந்தப்பட்ட சீட்டையும் சென்சாரையும் ஒரே யூசருக்குள் போட்டு மொத்தமாக ஆஃப் செய்ததுதான் பிழை. எஃப்சிங்குக்கு இந்தச் சலுகை கிடையாது, அது மொத்த சர்வருக்கும் ஒன்றே.

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால்: உங்களுக்கு இதே கதை இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட் என்ற பெயரில் இருக்கிறது. 1 என்றால் ஒவ்வொரு கமிட்டும் டிஸ்க்குக்குப் போகும். யாரோ 2 ஆக்கியிருந்தால் கரண்ட் போகும்போது சுமார் ஒரு வினாடிக் கணக்கு போகலாம். பின்லாக் வைத்திருந்தால் சிங்க் பின்லாக் 1 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கொழுந்துக்கணக்கு

ஆல்டர் ரோல் எடை ரீசெட் சிங்க்ரனஸ் கமிட் கொடுத்துவிட்டேன். ஆனால் மென்பொருள் வழியாக ஷோ கேட்டால் இன்னமும் ஆஃப் என்றே வருகிறதே?

பந்தலூர்மழை

ரோல் அமைப்பு லாகின் ஆகும் நேரத்தில்தான் ஏறும். உங்கள் மென்பொருள் கனெக்‌ஷன் பூல் வைத்திருக்கும், அதாவது திறந்த இணைப்புகளை மூடாமல் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும், அதில் உள்ளவை பழைய லாகின்கள். சாயங்கால எடை முடிந்ததும் மென்பொருளை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை (குன்னூர்)

அந்த விவசாயிக்கு என்ன பதில் சொன்னீர்கள்? அதைப் பற்றி யாருமே பேசவில்லையே.

கொழுந்துக்கணக்கு

முதலாளி சீட்டைப் பார்த்ததும் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டார். பதிவில் எப்படி ஏற்றுவது என்றுதான் தெரியவில்லை. புது எண் போட்டால் அவர் கையில் உள்ள தாளோடு ஒத்துப்போகாது.

கணக்குப்பிள்ளை (குன்னூர்)

அதே 4418லேயே ஏற்றுங்கள். தாளில் உள்ள தேதி, எடை, கழிவு எல்லாம் அப்படியே. ஆனால் இது பிறகு கையால் ஏற்றியது என்று தெரியவேண்டும்: ஏற்றிய நாள், ஏற்றியவர், எந்த ஆதாரத்தில் என்று தனி நெடுவரிசைகளில். தாளை போட்டோ எடுத்துக் கோப்பில் வையுங்கள். மற்ற தாவல்களுக்கும் ஒரு டேபிள் போட்டு, எந்த எண் முதல் எந்த எண் வரை, எந்த நாள் மின்தடை என்று எழுதிவையுங்கள். நான் சொன்ன 'கேன்சல்' கோடு அதுதான். இன்னும் யாராவது தாளோடு வரக்கூடும், மையங்களில் ஒரு அறிவிப்பு ஒட்டிவிடுங்கள்.

வெலிங்டன் வாத்தியார்

எண்ணை நேராகக் குறிப்பிட்டு இன்சர்ட் செய்தால் சீக்வென்ஸ் அசையாது, பயமில்லாமல் செய்யலாம்.

அப்புறம் யூபிஎஸ். பேட்டரி மாற்றுவதோடு நிற்காதீர்கள். யூபிஎஸ்ஸில் யூஎஸ்பி போர்ட் இருந்தால் சர்வரோடு இணைத்து நட் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். பேட்டரி இறங்கியதும் அதுவே சர்வரை ஒழுங்காக நிறுத்தும். நிறுத்தும் ஸ்கிரிப்டில் 'ஸ்மார்ட்' என்று இருந்தால் 'ஃபாஸ்ட்' ஆக்குங்கள். ஸ்மார்ட் எல்லா யூசரும் தானாக வெளியேறும்வரை காத்திருக்கும். உங்கள் தராசு மென்பொருள் வெளியேறவே வெளியேறாது, காத்திருந்து காத்திருந்து பேட்டரி தீர்ந்துவிடும்.

இன்னொன்று, 12ஆம் பதிப்புக்கு 2024 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது. மழை ஓய்ந்த பிறகு புதுப் பதிப்புக்கு மாறுங்கள். பிஜி டம்ப் எடுத்துப் புதிய இடத்தில் ஏற்றுவது உங்கள் அளவுக்குப் போதும். முழு டம்ப் தடையில்லாமல் முடிந்தால் எல்லா வரிசையும் படிக்க முடிகிறது என்பதும் தெரிந்துபோகும். புது க்ளஸ்டரில் டேட்டா செக்சம் (பக்கம் கெட்டால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு) இயக்கத்தில் இருக்கட்டும். 18இலிருந்து அது தானாகவே ஆன், அதற்கு முந்தையது என்றால் இனிட்டிபி கொடுத்து க்ளஸ்டரை உருவாக்கும் நேரத்தில் கேட்டு வாங்கவேண்டும்.

பந்தலூர்மழை

ரெப்ளிகா பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்தது, பெயர் வேண்டாம். கீழே கோவையில் ஒரு மெஷினுக்கு வால் கோப்புகளை ஆர்கைவ் கமாண்ட் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆடி மழையில் எங்கள் பக்கம் லைன் போனது, நாள் கணக்கில் வரவில்லை. ஆர்கைவ் கமாண்ட் தோற்றுக்கொண்டே இருக்கும்வரை போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்புகளை அழிக்காது, போய்ச் சேரவில்லையே என்று சேர்த்துவைக்கும். பிஜி வால் அடைவு ஊதி ஊதி டிஸ்க் நிறைந்து, ஒரு காலையில் சர்வர் பேனிக் என்று எழுதிவிட்டு நின்றுவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடே சர்வரைச் சாய்த்தது.

அதைவிட மோசம், அங்கே ஒருவர் இடம் பிடிக்கிறதே என்று பிஜி வால் கோப்புகளைக் கையால் அழிக்கப் போனார். நல்லவேளை, தடுத்துவிட்டோம். அதைத் தொடவே கூடாது. இடம் வேண்டுமென்றால் வேறு எதையாவது நகர்த்துங்கள், அல்லது டிஸ்க்கைப் பெரிதாக்குங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆர்கைவ் கமாண்ட் அதே கட்டடத்தில் உள்ள இரண்டாவது டிஸ்க்குக்கு மட்டும் நகல் எடுக்கட்டும். அங்கிருந்து கீழே அனுப்புவது ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியின் தனி வேலை. லைன் இல்லையென்றால் அது மட்டும் நிற்கும், எடை நிற்காது. ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ரெப்ளிகா வாங்கும்வரை வால் கோப்புகளைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு) வைத்தால் மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸுக்கு ஒரு எல்லை போடுங்கள். இது 13இலிருந்துதான் உண்டு, தானாக எல்லை எதுவும் கிடையாது. எல்லை தாண்டினால் ரெப்ளிகா கெட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து எடுக்கவேண்டும். கெடட்டும், பிரைமரி ஓடவேண்டும்.

கோவைக்காரன்

ரெப்ளிகாவை மறுபடி முதலிலிருந்து எடுப்பது அந்த லைனில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்தீர்களா?

பந்தலூர்மழை

மொத்தமே சில ஜிபிதான் இருக்கும். இராத்திரி விட்டால் காலையில் முடிந்திருக்கும். மிகப் பெரிதாகிவிட்டால் டிஸ்க்கில் எடுத்துப் பஸ்ஸில் அனுப்பலாம், சிரிக்காதீர்கள், செய்திருக்கிறேன்.

கொழுந்துக்கணக்கு

நிலவரம். பூல் ரீஸ்டார்ட் ஆனது, எல்லா யூசரிலும் ஆன். பட்டுவாடா ஸ்கிரிப்ட் ஒரே அப்டேட் ஆகிவிட்டது. ஒரு பழைய மெஷினில் இதே அமைப்பைப் போட்டு, எடைகளை ஓடவிட்டு, வேண்டுமென்றே ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். எண் தாவுகிறது, ஆனால் மென்பொருளுக்கு 'சரி' என்று பதில் வந்த ஒரு சீட்டுகூடக் குறையவில்லை. ரோலில் மறுபடி ஆஃப் செய்து பிடுங்கினால் சில முறை ஒன்றிரண்டு குறைகிறது. முதலாளியை அருகில் உட்காரவைத்தே காட்டினேன். எடை போடும் பையனிடம் அவரே போய்ப் பேசிவிட்டார்.

மையவாரியான எண் டேபிள் அடுத்து. அதில் ஒரு சந்தேகம். சில ஊர்களில் லைன் இல்லாதபோது லாரியில் போகிற ஆள் கையடக்கக் கருவியில் எடை பதிகிறார், பிறகுதான் சர்வருக்கு ஏறுகிறது. அந்தச் சீட்டுக்கு எண் எங்கிருந்து?

வெலிங்டன் வாத்தியார்

கருவியே கொடுக்கட்டும். கருவியின் குறியீடு, அதன் சொந்த வரிசை எண், இரண்டும் சேர்ந்து ப்ரைமரி கீ. ஒரே சீட்டு இரண்டு தடவை ஏறினாலும் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் போட்டால் இரண்டாவது பேசாமல் விழுந்துவிடும். லைன் விட்டுவிட்டு வரும் இடத்தில் அது கட்டாயம் நடக்கும்.

கணக்குப்பிள்ளை (குன்னூர்)

கருவி தொலைந்தாலோ பழுதானாலோ புதுக் கருவிக்குப் பழைய குறியீட்டைக் கொடுக்காதீர்கள். புதுக் குறியீடு, எண் 1இலிருந்து. இல்லாவிட்டால் நான் மறுபடி இங்கே வந்து கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.